பெயர் பொறித்த வெள்ளிக் கரண்டி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தரத்துக்கு யார் பிணை?

உரைகல்

அனைவருக்கும் வணக்கம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகை, வெள்ளிப் பாத்திர, கடிகார வணிகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நியூயார்க்கின் புகழ்பெற்ற நகைக்கடையான டிஃபனியில் தொடங்கி டிஃபனியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மையின் அளவைப் பார்த்து முத்திரை குத்தும் ஏற்பாடு இருந்தது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. பால்டிமோர் நகரில் மட்டும் 1814 முதல் 1830 வரை மாற்று பார்க்கும் அலுவலகம் ஒன்று நடந்தது. அதுவும் பின்னர் மூடப்பட்டது. அரசு முத்திரை இல்லாத நாட்டில், வெள்ளியை உரைத்துப் பார்க்கத் தெரியாத ஒரு விவசாயக் குடும்பம் எதை நம்பிக் கரண்டி வாங்கியது?

அந்தக் காலத்துக் கரண்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடியின் பின்புறத்தில், விரல் நகத்தைவிடச் சிறிய நீள்சதுரப் பள்ளத்துக்குள் ஒரு பெயர் எழும்பி நிற்கும். பக்கத்தில் சில சமயம் "காயின்" என்றோ "ப்யூர் காயின்" என்றோ "டாலர்" என்றோ ஒரு சொல் இருக்கும். நாணய வெள்ளியின் தரத்தில் செய்தது என்பது அதன் பொருள். 1837-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க வெள்ளி நாணயத்தில் 1000-க்கு 900 பங்கு வெள்ளி. அதற்கு முன்பு ஏறத்தாழ 892. கையிலிருந்த நாணயங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கரண்டியாக அடித்து வாங்கும் வழக்கமும் இருந்தது. முன்புறத்தில் வீட்டாரின் பெயரெழுத்துகளைச் செதுக்கியது அழகுக்காக மட்டுமன்று. திருட்டுப் போனால் அடையாளம் காட்டவும் அது உதவியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறிய பள்ளத்துக்குள் இருக்கும் பெயர்தான் அமெரிக்காவின் மாற்று முத்திரை. வாங்குபவர் வெள்ளியை நம்பவில்லை. தம் ஊர்க் கடைத்தெருவில் நாளையும் கடை திறந்து வைத்திருக்கப்போகும் மனிதரை நம்பினார். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

கோமதி சுந்தரம்

மறுப்பு இருக்கிறது, ஐயா. அந்தப் பெயர் யாருடையது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. கரண்டியில் ஒஹாயோவின் சிற்றூர்க் கடைக்காரர் ஒருவரின் பெயர் இருப்பதால், அவரே உலையை ஊதிச் சுத்தியலால் அடித்தார் என்று கொள்ள முடியாது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது, அப்படிப்பட்ட கரண்டிகளில் ஏராளமானவை கிழக்குக் கடற்கரைப் பட்டறைகளில் மொத்தமாகச் செய்யப்பட்டு, வாங்கும் கடையின் பெயர் குத்தப்பட்டு, பெட்டி பெட்டியாக மேற்கே போனவை.

ராட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரைப் பாருங்கள். அங்கே ஜேபெஸ் கோர்ஹம் 1831-இல் ஹென்றி வெப்ஸ்டர் என்ற வெள்ளி வேலைக்காரரைச் சேர்த்துக்கொண்டு நாணய வெள்ளிக் கரண்டி செய்யத் தொடங்கினார். 1842-இல் வெளிநாட்டு வெள்ளிச் சாமான்களுக்கு விதித்த சுங்கவரி உள்நாட்டுப் பட்டறைகளுக்குப் பெரும் பாதுகாப்பாக அமைந்தது. ஆனால் தொழிலின் முகத்தை மாற்றியவர் தந்தையல்லர். மகன் ஜான் கோர்ஹம். 1840-களின் இறுதியில் பொறுப்பேற்ற அவர், நீராவி இயந்திரத்தைப் பட்டறைக்குள் கொண்டுவந்தார். 1852-இல் ஐரோப்பாவுக்குப் போய், நீராவிச் சம்மட்டிக்குப் பெயர்பெற்ற ஜேம்ஸ் நாஸ்மித்திடமிருந்து அழுத்து இயந்திரம் தருவிக்க ஏற்பாடு செய்தார். எஃகு அச்சில் ஒருமுறை வடிவத்தை வெட்டிவிட்டால், அதன்பின் விழும் ஒவ்வொரு கரண்டியும் ஒன்றுபோலவே இருக்கும்.

கோர்ஹம் முத்திரையையும் கவனிக்க வேண்டும்: ஒரு சிங்கம், ஒரு நங்கூரம், 'ஜி' என்ற எழுத்து. சிங்கம் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளிக்குரிய அடையாளம். நங்கூரம் பர்மிங்ஹாம் மாற்று அலுவலகத்தின் சின்னம். நங்கூரம் ராட் ஐலண்டின் மாநிலச் சின்னமும் ஆகும் என்று வாதிடலாம். ஆனாலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஆங்கிலேய அரசு முத்திரைபோலத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இம்மூன்றும் ஒரே வரிசையில் வந்து நின்றிருக்குமா? 1868-இல் 900 பங்கு வெள்ளியைக் கைவிட்டு 925 பங்கு ஸ்டெர்லிங் தரத்துக்கு அந்த நிறுவனம் மாறிய பின், சிங்கத்தில் சொல்லப்பட்டது உண்மையாகவும் ஆயிற்று.

ஆகவே, ஊர்க் கடைக்காரரின் நம்பகத்தின் மறைவில் ஒரு தொழிற்சாலை தன் சரக்கை விற்றது என்றே இதை நான் படிக்கிறேன்.

உரைகல்

அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானதன்று. செய்தவர் பெயரை மறைத்து விற்றவர் பெயரைக் குத்தினால்தான் சரக்கு விலைபோகும் என்ற நிலை இருந்தது என்றால், நம்பகம் விற்றவரிடம்தானே இருந்தது?

மணிக்கல்

நம்பகம் விற்றவரிடம் இருந்தது என்பதற்குப் பெரிய சான்று டிஃபனியே. அது எங்கே தடுக்கி விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சார்லஸ் லூயிஸ் டிஃபனியும் ஜான் யங்கும் 1837-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் திறந்தது நகைக்கடையே அன்று. எழுதுபொருளும் அலங்காரச் சாமான்களும் விற்கும் கடை. முதல் நாள் விற்பனை 4.98 டாலர். பேரம் பேசும் வழக்கம் ஊறிய காலத்தில், பொருளின் மேல் விலையை எழுதி வைத்து, எழுதிய விலைக்கே விற்றார்கள். 1848-இல் பாரிசில் புரட்சி வெடித்து, பிரபுக்கள் கிடைத்த விலைக்கு வைரங்களைத் தள்ளிவிட்ட நேரத்தில் அவற்றை வாங்கிக் குவித்தார்கள். 1851-இல் ஜான் மூரின் வெள்ளிப் பட்டறை டிஃபனிக்கு மட்டுமே செய்துதர ஒப்புக்கொண்டது. ஸ்டெர்லிங் தரமும் அப்போதே கடைக்குள் வந்தது. பொருளின் அடியில் "925-1000" என்று எண்ணாலேயே குத்தினார்கள். அரசு சொல்லாததைக் கடை சொன்னது. 1868-இல் மூர் பட்டறையையே டிஃபனி வாங்கிக்கொண்டது. ஆயினும் மகன் எட்வர்ட் மூரின் 'எம்' எழுத்து முத்திரையில் தொடர்ந்தது. செய்தவருக்கு ஓர் எழுத்து, விற்றவருக்கு முழுப்பெயர்!

நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கத்தில் பெரும் செல்வரான ஜான் மெக்கே, தம் சுரங்கத்து வெள்ளியையே அனுப்பி, 1,250-க்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட விருந்துச் சாமான் தொகுதியை டிஃபனியில் செய்துகொண்டார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. மண்ணிலிருந்து மேசை வரை தமக்கே சொந்தமான வெள்ளிக்கும் அவருக்கு ஒரு கடையின் பெயர் வேண்டியிருந்தது.

இப்போது 1872-க்கு வருகிறேன். ஃபிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பை நிறையப் பட்டை தீட்டாத கற்களைக் கொண்டுவந்து, மேற்கில் ஓர் இடத்தில் வைரம் விளைகிறது என்றார்கள். பேங்க் ஆஃப் கலிபோர்னியாவின் வில்லியம் ரால்ஸ்டன் உள்ளிட்ட பெரும்புள்ளிகள் மயங்கினார்கள். ஆயினும் எச்சரிக்கையாகக் கற்களில் ஒரு பகுதியை நியூயார்க்குக்கு அனுப்பி, டிஃபனியிடம் மதிப்புக் கேட்டார்கள். கிடைத்த விடை: 1,50,000 டாலர். அந்த ஒரு சொல்லை வைத்துப் பணம் கொட்டியது.

கற்கள் லண்டனில் மலிவாக வாங்கிய கழிவுக் கற்கள். கொலராடோவின் வடமேற்கு மூலையில் அவற்றை மண்ணில் தூவி வைத்திருந்தார்கள். அரசின் நில ஆய்வுக் குழுவை நடத்திய கிளாரன்ஸ் கிங் நவம்பரில் அங்கே போய்ப் பார்த்தபோது, எறும்புப் புற்றுகளில்கூடக் கல் இருந்தது. கல் இருந்த புற்றுகளில் குச்சியால் குத்திய துளையும் இருந்தது. துளையில்லாத புற்றில் கல்லே இல்லை. இயற்கையில் ஒன்றாக விளையாத வைரமும் மாணிக்கமும் நீலமும் ஒரே இடத்தில் கிடந்தன. டிஃபனியின் ஆட்களுக்குப் பட்டை தீட்டிய கல்லில்தான் பழக்கம். பட்டை தீட்டாத கல்லைப் போதிய அளவு பார்த்தவர்கள் அல்லர். கடையின் பெயரை நம்பியவர்கள், அந்தப் பெயர் எந்தத் துறையில் ஈட்டப்பட்டது என்று கேட்கவில்லை.

கோமதி சுந்தரம்

எறும்புப் புற்றுச் செய்தி அருமை. ஆனால் இதனால் டிஃபனியின் வணிகம் சாயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1887-இல் பிரெஞ்சு அரச நகைகள் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர்களே எடுத்தார்கள். 1878-இல் வாங்கிய 287 காரட் மஞ்சள் வைரத்தை, ஜார்ஜ் ஃபிரெடெரிக் குன்ஸின் மேற்பார்வையில் 82 பட்டைகளோடு 128.54 காரட்டாகத் தீட்டியதும் ஏமாந்த கதைக்குப் பிற்பட்டதே. கல்லறிவு உள்ளவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குள் புரிந்திருக்கும்.

முலாம்

வெள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரும்பாலான அமெரிக்க வீடுகளுக்கு வந்தது முலாம்தான். இங்கிலாந்தின் எல்கிங்டன் 1840-இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை எடுத்த சில ஆண்டுகளில், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் கரண்டி விற்கத் தொடங்கினார்கள். அந்தச் சரக்கு பெற்ற பெயருக்கு அளவே இல்லை. அளவு இல்லாமற்போனதே கேடும் ஆயிற்று. ரோஜர்ஸ் என்ற குடும்பப்பெயர் உள்ள யாரையாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரைக் குத்தும் பட்டறைகள் பெருகின. 1862-இல் ரோஜர்ஸ் முத்திரைகளைக் கைக்கொண்ட மெரிடன் பிரிட்டானியா நிறுவனம், "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று ஆண்டையும் சேர்த்துக் குத்தி அசலைக் காட்ட வேண்டியதாயிற்று. இன்றும் அந்த 1847-ஐக் கரண்டி செய்த ஆண்டு என்று எண்ணி அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது முத்திரையின் பகுதி; 20-ஆம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அதே எண் இருக்கும்.

எனவே உரைகல் ஐயாவின் கொள்கையில் ஓர் ஓட்டை: பெயரே தரத்துக்குப் பிணை என்றால், பெயரைக் களவாடுவது வெள்ளியில் செம்பு கலப்பதைவிட எளிது. "டிரிபிள்", "குவாட்ரபிள்" என்றெல்லாம் முலாத்தின் கனத்தைச் சொல்லிக் குத்திய சொற்களை வீட்டிலிருந்தபடி யார் அளந்து பார்த்தார்கள்?

இந்தத் தொழிலில் என்னைக் கவர்ந்தவர் மாசசூசெட்ஸின் டான்டன் நகரத்து ஐசக் பாபிட். 1824-இல் பிரிட்டானியா உலோகம் என்ற வெள்ளீயக் கலவையில் சாமான் செய்யத் தொடங்கிய அவரது பட்டறையே பின்னர் ரீட் அண்ட் பார்ட்டன் ஆனது. தேநீர்க் குடுவைக்காக வெள்ளீயத்தோடும் அந்திமனியோடும் உறவாடிய அதே மனிதர்தான், இயந்திர அச்சுகள் தேயாமல் சுழல உதவும் பாபிட் உலோகத்துக்கும் சொந்தக்காரர். ரயில் பெட்டியின் அச்சும் தேநீர்க் குடுவையும் ஒரே மூளையில் பிறந்தவை.

சாவி கொடுப்பவன்

நான் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவன். உங்கள் வாதம் வெள்ளிக்குப் பொருந்தும்; கடிகாரத்துக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளி ஊமை. கடிகாரமோ தன் தரத்துக்குத் தானே நாள்தோறும் சாட்சி சொல்லும். சரியாக ஓடவில்லை என்றால் ஒரு வாரத்தில் வாங்கியவருக்கே தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்தத் துறையில் தொழிற்சாலையின் பெயர் ஊர்க் கடைக்காரரின் பெயரை விரைவில் முந்தியது. பாஸ்டனில் நகைத் தொழிலில் இருந்த ஏரன் டென்னிசன், ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் துப்பாக்கி உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி செய்வதைப் பார்த்து, கடிகாரத்தையும் அப்படிச் செய்யலாம் என்று துணிந்தார். எட்வர்ட் ஹோவர்டு, டேவிட் டேவிஸ் ஆகியோரோடு 1850-இல் ராக்ஸ்பரியில் தொடங்கி, 1854-இல் சார்லஸ் ஆற்றங்கரையில் வால்தம் ஊருக்குப் போனார். 1857-இல் நிறுவனம் நொடித்து ஏலம் போயிற்று. ராயல் ராபின்ஸ் வாங்கி நிலைநிறுத்தினார். உள்நாட்டுப் போரின்போது "வில்லியம் எல்லரி" என்ற மலிவு வகைக் கடிகாரம் படைவீரர்களிடம் நன்றாக விற்று அதைக் காப்பாற்றியது. 1864-இல் சிகாகோவில் தொடங்கிய போட்டி நிறுவனம் வால்தமின் கைதேர்ந்த ஆட்களையே அழைத்துக்கொண்டு எல்ஜின் ஊரில் ஆலை கட்டி, 1867-இல் முதல் கடிகாரத்தை வெளியிட்டது. வால்தம் ஆலையில் வேலை செய்தவர்களில் பெண்களே ஏறத்தாழப் பாதி என்பதைப் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். மயிரிழை போன்ற திருகுகளைக் கையாண்டவை அவர்களின் விரல்கள்.

1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு நடுவராக வந்த சுவிஸ் நாட்டு ஃபாவ்ர்-பெரே, ஊர் திரும்பித் தம் மக்களிடம் அபாய மணி அடித்தார். அமெரிக்காவுக்குப் போன சுவிஸ் கடிகாரங்களின் மதிப்பு 1872-இல் 1.8 கோடி பிராங்குக்கு மேல் இருந்து, 1876-இல் 50 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

ஆனால் கடைக்காரரின் பிடி ஓரிடத்தில் விடவில்லை. அக்காலத்தில் பெரும்பாலும் மெஷின் தனியாக, கூடு தனியாக விற்கப்பட்டன. வாங்குபவர் கடை மேசையின் முன் உட்கார்ந்து, இந்த மெஷின், இந்தக் கூடு என்று தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் அங்கேயே பொருத்தித் தருவார். மெஷின் தானே பேசும். கூடு மறுபடியும் ஊமை. 1859-இல் ஜேம்ஸ் பாஸ் காப்புரிமை எடுத்த முறையில் மலிவு உலோகத்தின் இருபுறமும் தங்கத் தகடு ஒட்டிய கூடுகள் வந்தன. இருபது ஆண்டு தேயாது என்று உள்மூடியிலேயே உறுதி பொறித்திருக்கும். அந்த வாக்கு நிறைவேறுகிறதா என்று தெரியும்போது விற்றவர் உயிரோடு இருக்க வேண்டுமே!

ஒரு வேடிக்கையும் உண்டு. தாம் தொடங்கிய ஆலையிலிருந்து விலக்கப்பட்ட டென்னிசன், கடைசியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கடிகாரக் கூடு செய்யும் தொழிலை நிறுவினார். அமெரிக்கக் கடிகாரத் தொழிலின் தந்தை செய்த வெள்ளிக் கூடுகளுக்கு, மேலே அம்மா சொன்ன அதே நங்கூர முத்திரை முறைப்படி விழுந்தது.

உரைகல்

கடிகாரம் தானே சாட்சி சொல்லும் என்றால், ரயில்காரர்களின் கடிகாரங்களைச் சோதித்த நகைக்கடைக்காரர் வெப் பால் எப்படிப் பணக்காரர் ஆனார்?

சாவி கொடுப்பவன்

நல்ல மடக்கு! 1891 ஏப்ரலில் ஒஹாயோவின் கிப்டனில் அஞ்சல் விரைவு வண்டியும் பயணிகள் வண்டியும் மோதி, எஞ்சின் ஓட்டுநர்களும் அஞ்சல் ஊழியர்களும் இறந்தார்கள். ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மீண்டும் ஓடியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. நான்கு நிமிடம் நின்று ஓடிய கடிகாரத்தைப் பார்த்தால் அது நின்றதே தெரியாது. என் சாட்சிக்கும் சாட்சி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கிளீவ்லாண்டில் நகைக்கடை வைத்திருந்த வெப் பாலை லேக் ஷோர் ரயில் நிறுவனம் அழைத்தது. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. முகப்பு மூடியில்லாமல் இருக்க வேண்டும். எண்கள் தடித்துத் தெளிவாக இருக்க வேண்டும். முகப்பு வளையத்தைத் திறந்து நெம்புகோலை இழுத்தால்தான் முள்ளைத் திருப்ப முடிய வேண்டும். வெயிலிலும் குளிரிலும் ஐந்து நிலைகளிலும் சீராக ஓட வேண்டும் என்ற விதிகள் அதன்பின் உருவாயின. இருப்புப்பாதை நெடுக ஊர்தோறும் ஒரு நகைக்கடைக்காரர் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். தொழிலாளி இரு வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் போய்க் கடிகாரத்தைக் காட்டி, எத்தனை வினாடி முந்தி, எத்தனை வினாடி பிந்தி என்று அட்டையில் எழுதி வாங்க வேண்டும். விதிக்குட்படாத கடிகாரத்தோடு வந்த தொழிலாளி புதியது வாங்க வேண்டியிருந்தது. எந்தக் கடையில் வாங்கியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பால் தாமே கடிகாரம் செய்யவில்லை. வால்தம், ஹாமில்டன் போன்ற ஆலைகளின் மெஷினைத் தம் தரத்துக்குச் செய்யச் சொல்லி, முகப்பில் தம் பெயரைப் போட்டார்.

கோமதி சுந்தரம்

கரண்டியின் பின்புறத்திலிருந்த பெயர் கடிகாரத்தின் முகப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் கடைக்காரரின் காலடி மண்ணும் சரிந்துகொண்டிருந்தது. 1886-இல் மின்னசோட்டாவில், உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருவர் தமக்கு வந்த கடிகாரப் பெட்டியை வேண்டாம் என்று மறுத்தார். நார்த் ரெட்வுட் நிலையத்தில் ரயில் முகவராக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ் அதை எடுத்து மற்ற நிலைய முகவர்களுக்கு விற்றார். அடுத்த ஆண்டு சிகாகோவுக்குப் போய், கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்த ஆல்வா ரோபக்கை வேலைக்கு அமர்த்தினார். நாடே பட்டியலைப் பார்த்து அஞ்சலில் சரக்கு வாங்கிய சியர்ஸ் ரோபக்கின் தொடக்கம் அதுதான். அந்த நகைக்கடைக்காரர் பெட்டியைத் திருப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

மலிவுக் கடிகாரங்களும் வந்தன. 1880 அளவில் வந்த வாட்டர்பரி கடிகாரத்தில் உறுப்புகள் 58 மட்டுமே. சுருள்வில்லோ ஒன்பது அடி நீளம். சாவி கொடுத்துக் கை ஓய்ந்துபோகும் என்று ஊரே கேலி செய்தது. துணிக்கடையில் உடுப்பு வாங்கினால் கடிகாரம் இலவசம் என்று கொடுக்கத் தொடங்கியதும் நகைக்கடைகள் அதைத் தொட மறுத்தன. 1896-இல் இங்கர்சால் "யாங்கி" ஒரு டாலருக்கே கிடைத்தது.

முலாம்

முதலாளிகளின் பெயர்களையே அடுக்குகிறோம். மேசைக்குப் பின்னால் குனிந்து வேலை செய்தவரின் பெயரும் ஓரிடத்தில் கிடைக்கிறது. வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் கால்ட் என்ற நகைக்கடை இருந்தது. 1861 ஏப்ரலில் அங்கே ஜோனதன் டில்லன் என்ற கடிகார வேலைக்காரர், அதிபர் லிங்கனின் தங்கக் கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தபோது, உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலின் செய்தி வந்தது. முகப்பைக் கழற்றி, அடியிலிருந்த பித்தளைத் தகட்டில் ஒரு வாசகத்தைக் கீறிவிட்டு மூடினார். லிங்கனுக்கு அது கடைசிவரை தெரியாது.

1906-இல் முதுமையில் அவர் செய்தித்தாளிடம் சொன்னபோது, அடிமைமுறை ஒழிந்தது என்ற பொருளில் எழுதியதாக நினைவுகூர்ந்தார். 2009 மார்ச்சில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அந்தக் கடிகாரத்தைத் திறந்தது. தேதி ஏப்ரல் 13 என்றும், கிளர்ச்சியாளர்கள் கோட்டையைத் தாக்கினார்கள் என்றும், நமக்கு ஓர் அரசு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்றும் இருந்தது. அடிமைமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. சம்டர் என்ற பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை. பின்னர் திறந்த வேறொரு வேலைக்காரர் 1864 என்று ஆண்டிட்டுத் தம் பெயரைக் கீறியிருந்தார். உள்ளே "ஜெஃப் டேவிஸ்" என்று எதிரணித் தலைவரின் பெயரும் இருந்தது.

உரைகல்

டில்லன் செய்தியை இந்த இழையில் எதிர்பார்க்கவில்லை, நன்றி. லிங்கனின் அந்தக் கடிகாரத்தின் மெஷின் லிவர்பூலில் செய்யப்பட்டது என்பதையும், 1850-களில் இலினாய்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு நகைக்கடையில் வாங்கியது என்பதையும் கூட்டிக்கொள்ளலாம். வால்தம் தலையெடுக்கும் முன் அமெரிக்காவில் நல்ல கடிகாரம் என்றால் பெரும்பாலும் ஆங்கிலேய மெஷின்தான்.

முலாம் அவர்கள் எழுப்பிய பெயர்க்களவுக் கேள்விக்குச் சட்டம் தந்த விடை 1906-இல்தான் வந்தது. தங்க, வெள்ளிப் பொருள்களில் பொய்யான தரத்தைக் குத்தி மாநிலம் கடந்து விற்பதை அந்தக் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் முத்திரை குத்தியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை; குத்தினால் மெய்யாக இருக்க வேண்டும் என்றது, அவ்வளவே. தர முத்திரை இருந்தால் அதற்குப் பொறுப்பேற்பவரின் வணிக முத்திரையும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற திருத்தம் வர 1961 ஆயிற்று. அரசே மாற்று பார்த்து முத்திரையிடும் கட்டாய ஏற்பாடு அங்கே இன்றுவரை இல்லை.